அடிஸ் அபாபாவில் முதல் மாதம்: புதிதாகக் குடியேறுவோருக்கான படிப்படியான விளக்கம்

எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்கு வேலைக்காகவோ, ஆய்வுக்காகவோ, துணைவரின் பணியிட மாற்றத்தாலோ முதன்முறையாகச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1886-இல், பின்னாளில் பேரரசரான இரண்டாம் மெனெலிக்கின் காலத்தில் உருவாகி, அவருடைய மனைவி தைத்துவால் ‘புதிய மலர்’ என்று பெயரிடப்பட்ட இந்நகரம், இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் என்பதால், அயல்நாட்டார் வருவதும் தங்குவதும் இங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆயினும் புதிதாக வருபவர்கள் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இவ்வூருக்கென்று தனிக் கடிகாரமும், தனி நாட்காட்டியும், தனிப் பெயர் முறையும், தனி விரத நாட்களும் இருக்கின்றன என்பதை அவர்கள் தாமதமாகத் தெரிந்துகொள்வதே அதற்குக் காரணம். வீடு, பணம், போக்குவரத்து ஆகிய மற்ற அனைத்தும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன என்பதால், இவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: புறப்படும் முன்

சுற்றுலா விசாவை எத்தியோப்பிய அரசின் மின்விசா இணையத்தளத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். போலே விமான நிலையம் வழியாக நாட்டுக்குள் நுழைபவர்களுக்கானது அது. விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், இடைத்தரகர்களின் தளங்களை நம்பாமல் அரசுத் தளத்தையே பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலையில் சேரக் கூடாது. வேலைக்கு வருபவர்களுக்கு உரிய விசா, பணி அனுமதி, வதிவிட அடையாள அட்டை ஆகிய மூன்றும் தேவை. அவற்றுக்கான ஏற்பாட்டை நிறுவனம் செய்யும் என்று வாய்மொழியாகக் கேட்டதோடு நிறுத்தாமல், எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது போகும்போது கேட்கப்படாமல் இருந்தாலும், திரும்பும்போது கேட்கப்படும். எத்தியோப்பியாவை மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா வைத்திருப்பதால், சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து வந்திறங்குபவரைத் தனிமைப்படுத்த இந்தியச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த வசதி உள்ளது. மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணிப் பருத்தி உடைகளை மட்டும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான இந்நகரம் ஊட்டியைவிடவும் உயரமானது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ‘கிரெம்த்’ மழைக்காலத்தில் கம்பளிச் சட்டையும் குடையும் நாள்தோறும் தேவைப்படும்.

இரண்டாம் படி: வந்திறங்கிய முதல் இரண்டு நாட்கள்

உயரம் காரணமாக, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதும், லேசான தலைவலியும், தூக்கம் கலைவதும் முதல் சில நாட்களில் இயல்பானவை. நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்து, 3,000 மீட்டரைத் தாண்டும் எந்தொட்டோ மலைக்குச் செல்வதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவது அவசியம்.

பணத்தை வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றகத்திலோ மட்டும் மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை இறுதியில் நாணயமாகிய பிர்ரின் மதிப்பைச் சந்தை நிர்ணயிக்க அரசு விட்டதிலிருந்து மாற்று விகிதம் பெரிதும் மாறிவிட்டதால், அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் உள்ள விலைகளை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் அட்டை வாங்கியவுடன், எத்தியோ டெலிகாமின் தெலெபிர் செயலியில் கணக்குத் தொடங்குவது பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். 2021-இல் தொடங்கப்பட்ட இந்தக் கைபேசிப் பணச் சேவை, நம்மூரில் ஜிபே புழங்குவதைப் போல இங்கே கடைகளில் புழங்குகிறது.

மூன்றாம் படி: கடிகாரத்தையும் நாட்காட்டியையும் கற்றுக்கொள்ளுதல்

இவ்வூரில் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரிய உதயத்திலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நாம் காலை ஏழு என்பது இங்கே ஒரு மணி. நம்முடைய ஒன்பது மணி இங்கே மூன்று. நண்பகல் பன்னிரண்டு இங்கே ஆறு. மாலை ஏழு மணிக்கு மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். ஜாதகத்தில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கருத்து அந்நியமானதன்று. நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது. ஆகவே இந்தக் கணக்கு இங்கே இயல்பாகப் பொருந்துகிறது.

முள் கடிகாரத்தில் உள்ளூர்க்காரர் சொல்லும் எண்ணுக்கு நேர் எதிரே எந்த எண் இருக்கிறதோ அதுவே நம் நேரம் என்பது எளிய வழி. மூன்றுக்கு எதிரே ஒன்பது. இரண்டுக்கு எதிரே எட்டு. காலைக்கு ‘தெவாத்’, மாலைக்கு ‘மாத்தா’ என்ற இரு சொற்களையும் கற்றுக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும். விமான நிறுவனங்களும் பன்னாட்டு அலுவலகங்களும் பொதுவாக நம் முறையிலேயே நேரம் குறிக்கின்றன என்பதால், ஒவ்வொரு முறையும் ‘ஹபெஷா’ கணக்கா, ‘ஃபெரென்ஜ்’ கணக்கா என்று கேட்டுவிடுவதே பாதுகாப்பு. உள்ளூர் முறைக்கு முன்னதும், வெளிநாட்டார் முறைக்குப் பின்னதும் பெயர். நான் வந்த புதிதில் ஒரு வீட்டுக்கார அம்மா என்னை இரண்டு மணிக்கு வரச் சொன்னார். நான் பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்றபோது, அவர் காலை எட்டிலிருந்து சாவியோடு காத்திருந்துவிட்டு, வீட்டை இன்னொருவருக்குப் பேசி முடித்திருந்தார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. அன்றிலிருந்து நேரத்தை இரு முறையிலும் எழுதிக் காட்டி உறுதிசெய்யாமல் நான் எங்கும் கிளம்புவதில்லை.

நாட்காட்டியில் பதின்மூன்று மாதங்கள் உள்ளன. பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா 30 நாட்கள். எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாட்கள் ‘பகுமே’ என்ற சிறு மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11-இல், சில ஆண்டுகளில் 12-இல் பிறக்கிறது. ஆண்டு எண் நம்முடையதைவிட ஏழோ எட்டோ குறைவாக இருக்கும். 2024 செப்டம்பர் 11-இல் இங்கே 2017 பிறந்தது. வாடகை ஒப்பந்தத்தில் ‘திக்கிம்த் 1, 2017’ என்று எழுதியிருந்தால் அது 2024 அக்டோபர் 11-ஐக் குறிக்கும். ஆகவே கையெழுத்திடும் எந்தத் தாளிலும் இரண்டு தேதிகளையும் எழுதச் சொல்லுங்கள். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காம் படி: பெயரும் எழுத்தும்

குடும்பப் பெயர் இல்லாத தமிழர்கள் உலகெங்கும் படிவங்களோடு மல்லுக்கட்டுவது நமக்குத் தெரியும். இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஏனெனில் எத்தியோப்பியர்களின் முறையும் நம்முடையதைப் போன்றதே. முதலில் சொந்தப் பெயர், அடுத்து தந்தை பெயர், தேவையானால் தாத்தாவின் பெயர். ஆகவே ஒருவரை இரண்டாம் பெயரால் அழைத்தால் அவருடைய தந்தையை அழைத்ததாகிவிடும். ஆணுக்கு ‘ஆத்தோ’, மணமான பெண்ணுக்கு ‘வெய்ஸெரோ’ என்று முன்னே சேர்த்து, சொந்தப் பெயரால் அழைப்பதே மரியாதை.

அம்ஹாரிக் எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு சேர்ந்து ஏழு வடிவங்கள் பெறுகிறது என்பது அதன் அடிப்படை. க, கா, கி, கீ என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கவே எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வரிசை என்று மனப்பாடம் செய்தால், மூன்று வாரங்களில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். பேச்சில் ‘செலாம்’ என்ற வணக்கமும், ‘அமெசெக்னாலெஹு’ என்ற நன்றியும், ‘இஷி’ என்ற ‘சரி’யும், விலை கேட்கும் ‘சிந்த் நவ்’வும் முதலில் தேவை. பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று மூச்சை உள்ளிழுத்து ஒரு சிறு ஒலி எழுப்பினால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று பதற வேண்டாம். அது ‘ஆமாம்’ என்பதற்கான ஒலி.

ஐந்தாம் படி: வீடு பார்த்தல்

வீடுகள் பெரும்பாலும் ‘தெலாலா’ எனப்படும் தரகர்கள் வழியாகவே கிடைக்கின்றன. தரகுத் தொகை எவ்வளவு, அதை யார் தருவது என்பதை முதல் வீட்டைப் பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். சில மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். போலே, சார்பெத் போன்ற பகுதிகளில் வெளிநாட்டார் அதிகம் என்பதால் வாடகையும் அதிகம். அலுவலகத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் எளிய வீடு கிடைத்தால் அதையே நான் பரிந்துரைப்பேன்.

வீட்டைப் பார்க்கும்போது வரவேற்பறையைவிட மொட்டை மாடியை முதலில் பாருங்கள். குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. ‘ரோத்தோ’ என்று அழைக்கப்படும் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதா, அதன் கொள்ளளவு எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்பவற்றை வீட்டுக்காரரிடம் மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். மின்சாரம் அடிக்கடி தடைபடுவதால் ஜெனரேட்டர் உண்டா என்பதும், மின்கட்டணம் எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும். வாசலில் இருக்கும் காவலர் ‘ஸெபெஞ்ஞா’ எனப்படுவார். அவருக்கு நாள்தோறும் வணக்கம் சொல்லி நலம் விசாரிப்பது இவ்வூரின் பண்பு. தண்ணீர் வரும் நாளும், நம்பத்தக்க குழாய்க்காரரும் அவர் மூலமாகத்தான் தெரியவரும்.

ஆறாம் படி: நகருக்குள் பயணம்

தெருப் பெயர்களும் கதவு எண்களும் புழக்கத்தில் குறைவு. தேவாலயம், வங்கி, சதுக்கம் போன்ற அடையாளங்களைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். நகர விரிவாக்கப் பணிகளால் 2024 முதல் பியாஸா, கஸஞ்சிஸ் போன்ற பழைய பகுதிகள் இடித்து மாற்றப்பட்டிருப்பதால், பழைய வரைபடங்களை முழுமையாக நம்ப முடியாது. முதல் வாரத்தில் ரைடு, ஃபெரெஸ் ஆகிய வாடகைக் கார் செயலிகள் போதும். பிறகு நீலமும் வெள்ளையும் பூசிய மினிபஸ்களில் ஏறிப் பழகுங்கள். நடத்துநரான ‘வொயாலா’ சன்னலில் தொங்கியபடி போகுமிடத்தைக் கூவுவார். ஏறும் முன் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு, சில்லறையாகக் கட்டணம் கொடுங்கள். இறங்குமிடம் நெருங்கும்போது ‘வொராஜ் அல்லெ’, அதாவது ‘இறங்க ஆள் இருக்கிறது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாகனங்கள் வலப்புறம் ஓடுவதால், சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சாப்பாடு

சைவ உணவுக்காரர்கள் இங்கே பட்டினி கிடப்பார்கள் என்ற அச்சம் தேவையற்றது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களிலும், வேறு பல காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை விலக்குகிறார்கள். இந்த விரத உணவுக்கு ‘யெட்சோம்’ உணவு என்று பெயர். புதன், வெள்ளிகளில் சாதாரணக் கடையில்கூட இது கிடைக்கும். சில இடங்களில் மீனை விரத உணவாகக் கருதுவதால், மீனும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். விரதமில்லாத நாட்களில் பருப்புக் குழம்பிலும் மசாலா வெண்ணெய் சேர்த்திருக்கலாம் என்பதைப் பாலைத் தவிர்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாட்களில் புதன், வெள்ளி விரதங்கள் இல்லாததால், அப்போது தேட வேண்டியிருக்கும்.

‘பெயாய்நெத்து’ என்று கேட்டால், பெரிய வட்டத் தட்டு நிறைய இஞ்செராவை விரித்து, அதன் மேல் சிவப்பு மிளகாய்ப் பொடியில் வெந்த மைசூர்ப் பருப்பு, மஞ்சள் நிறப் பட்டாணிப் பருப்பு, கடலைமாவு போன்ற ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று சிறு குவியல்களாக வைத்துத் தருவார்கள். டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாட்கள் புளிக்கவைத்து, திருப்பிப் போடாமல் ஒரே பக்கம் வேகவைப்பது இஞ்செரா. மேற்பரப்பில் ஆப்பத்தைப் போலத் துளைகள் நிறைந்திருக்கும், அவற்றைக் ‘கண்கள்’ என்கிறார்கள். முதல் வாய்க்குப் புளிப்பு மிகுதியாகத் தோன்றலாம். மூன்றாம் நாள் நாக்கு அதைத் தேடும். வலக்கையால் ஒரு துண்டு பிய்த்து, பருப்பைச் சுருட்டி எடுத்து உண்ண வேண்டும். உடன் உண்பவர் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாய்க்கு நீட்டினால், அது ‘குர்ஷா’ என்னும் அன்பின் அடையாளம். கையில் வாங்காமல், வாயைத் திறந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

குழாய் நீரைக் காய்ச்சி வடிகட்டியே குடிக்க வேண்டும். நகரின் உயரத்தால் இங்கே மலேரியா அச்சம் மிகக் குறைவு என்றாலும், தாழ்வான பகுதிகளுக்குப் பயணம் செய்யும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

எட்டாம் படி: பாதுகாப்பு

மெர்க்காத்தோ சந்தை போன்ற நெரிசலான இடங்களில் கைபேசியைப் பையின் உள்ளறையில் வையுங்கள். அரண்மனை, அரசு அலுவலகங்கள், படையினர் ஆகியோரைப் படமெடுக்க வேண்டாம். அனுமதியின்றி ட்ரோன் கொண்டுவருவதும் கூடாது. தலைநகருக்கு வெளியே செல்லும் முன், அந்தந்தப் பகுதியின் நிலவரத்தை உங்கள் நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பில் பாருங்கள். காவல்துறைக்கு 991, செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்சுக்கு 907 ஆகிய எண்களைக் கைபேசியில் இன்றே பதிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: காப்பிக்கு அழைத்தால்

மாத முடிவுக்குள் அக்கம்பக்கத்தார் யாரேனும் உங்களைக் காப்பிக்கு அழைப்பார்கள். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். தரையில் பசும்புல்லைப் பரப்பி, சாம்பிராணி புகைத்து, பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவி, இரும்புத் தட்டில் வறுத்து, புகை எழும்பும் தட்டை உங்கள் முகத்தருகே கொண்டுவருவார்கள். கையால் புகையை முகத்தை நோக்கி வீசி, அதன் மணத்தை நுகர்ந்து பாராட்ட வேண்டும். பிறகு இடித்து, ‘ஜெபெனா’ என்ற நீண்ட கழுத்துடைய மண்கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சோளப்பொரி உடன் வரும். முதல் சுற்று ‘அபோல்’ திடமாக இருக்கும். அதே தூளில் மீண்டும் நீர் விட்டுக் காய்ச்சுவதால் இரண்டாம் சுற்றான ‘தோனா’ சற்று இளகியிருக்கும். மூன்றாவதான ‘பெரெக்கா’ ஆசி என்று கருதப்படுகிறது. அதைக் குடித்து முடித்த பிறகே எழுந்து விடைபெறுங்கள்.