டைரியை வச்சு ஒருத்தர் என்ன புஸ்தகம் வாசிச்சாருன்னு பிடிக்கது எப்படி

பழைய டைரியில புஸ்தகப் பேரு முழுசா இருக்கும்னு நம்பி உக்காராதீங்க அண்ணாச்சி, பாதிப் பேரு இருந்தாலே பெருசு. அதனால தலைப்பைத் தேடி ஓடாம, புஸ்தக வாடை அடிக்கிற வரி எல்லாத்தையும் தேதியோட எழுத்துப்பிழையோட அப்படியே நோட்டுல எழுதிக்கிடுங்க. பிழையைத் திருத்துனா தடயம் போச்சு.

டார்வின் நோட்டைப் பாருங்க. 1838 செப்டம்பர் 28 தேதி போட்ட இடத்துல, ஜனத்தொகை பத்திப் புஸ்தகம் எழுதுன மால்தஸ் பேரு வருது, கூடவே 25 வருஷத்தை விடக் குறைஞ்ச காலத்துலயே ஜனத்தொகை பெருகும்னும் வருது. வெறும் பேரு மட்டும்னா யாரோ சொல்லிக் கேட்டிருப்பாருன்னு விட்டுரலாம், ஆனா 25 வருஷத்துல ஜனத்தொகை ரெட்டிப்பாகும்ங்குதது மால்தஸ் புஸ்தகத்துல உள்ள கணக்கு, அதான் நமக்குப் பிடி. சரி, எந்தப் பதிப்பு? மொதப் பதிப்பு 1798ல ஆசிரியர் பேரே போடாம வந்தது, பொறவு மாத்தி மாத்தி எழுதி 1826ல ஆறாவது வந்தாச்சு, டார்வின் வாசிச்சது அந்த ஆறாவது. டைரியில பக்க நம்பரோ மேற்கோளோ கிடைச்சா ஒவ்வொரு பதிப்பா எடுத்து ஒத்துப் பாருங்க, எதுல அதே பக்கத்துல அதே வரி நிக்கோ அதான் அவரு கையில இருந்தது.

இன்னொண்ணு, வயசான பொறவு எழுதுன சுயசரிதையில டார்வினே மால்தஸை வாசிச்சது அக்டோபர்னு சொல்லுதாரு. ரெண்டும் முட்டுனா நான் அன்னன்னைக்கு எழுதுனதைத்தான் நம்புவேன்.

வாசிக்க வேண்டியது ஒரு லிஸ்ட், வாசிச்சது ஒரு லிஸ்டுன்னு அந்த மனுசன் தனித்தனியா வச்சிருந்தாரு, எல்லாருமா அப்படி வைக்காவ? வாங்குனேன், பார்சல் வந்துச்சு, இரவல் குடுத்தேன், இதெல்லாம் வாசிச்சதுக்கு சாட்சி கிடையாது.

நம்ம திருநெல்வேலிச் சீமைக் குறிப்புல இங்கிலீஷ் வருஷத்துக்குப் பதிலா கொல்லம் ஆண்டு (மலையாள வருஷக் கணக்கு) போட்டிருந்தா ரொம்பக் கவனம். இங்க ஆவணி 1ல வருஷம் பொறக்கு, இங்கிலீஷ் வருஷம் வேணும்னா அதுல இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரி 1ல இருந்து ஆடி முடியன்னா 825. கொல்லம் 1014 ஆவணின்னா 1838. இதுல ஒரு வருஷம் பிசகுனா அச்சுக்கே வராத புஸ்தகத்தை அவரு வாசிச்சதா எழுதி வச்சிருவீங்க, நாலு பேரு அதையே காப்பி அடிப்பாவ.

கடைசியா, அவரோட சொந்தப் பிரதி எங்கயாவது இருந்தா பக்க ஓரத்துல பென்சில் கோடு இருக்கான்னு பாருங்க. டார்வின் புஸ்தகங்க நிறைய அந்தக் குறிப்போட ஸ்கேன் ஆகி நெட்டுல ஃப்ரீயா கிடக்கு, கை பழகுறதுக்கு அதுல ஒண்ணை எடுத்து ஆரம்பிங்க.