கைரேகை மெஷின் மாட்ட வரும் தம்பிகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் பழைய வருகைப் பதிவு மெஷினைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, அப்படியே பைக்குள் போட்டான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈர விரல், கேமராவுக்கு நேரே அடிக்கும் வெயில், ஒரே ஒரு விரலை மட்டும் பதிவது இதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய மெஷினை அழிக்காமல் கைமாற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆரம்ப நாளில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து முகம் பார்க்கும் மெஷினைக் கழற்றினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின். 200 ரிங்கிட்டுக்கு பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கடைக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே சுவரில் மாட்டி, கரண்ட் கொடுத்து, தேதியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, தட்டுக் கூடையோடு ஓர் அண்ணன் அதைக் கடந்து போனார். டிங் என்று சத்தம். திரையில் அவர் பெயர், கீழே அடையாள அட்டை எண். அந்தக் கடையில் நான் இன்னும் ஒருவரைக்கூடப் பதிவு செய்யவில்லை.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "தம்பி, என்னை இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். முந்தைய கடையில் வேலை செய்து, சம்பளத் தகராறில் வெளியேறியவர் அவர். பழைய முதலாளி தன்னைத் தேடுகிறார் என்றே நினைத்துவிட்டார். உள்ளே பார்த்தால் 83 பேரின் முகம். அங்கேயே எல்லாவற்றையும் அழித்தேன். ஆனாலும் அந்த அண்ணன் அதில் மறுபடி முகம் காட்டவே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்கு வந்தார்.

கம்ப்யூட்டரில் பெயரை அழித்தால் மெஷினிலும் அழிந்துவிடும் என்று நம்பினேன். பல மெஷின்களில் அப்படி அழியாது. முகத்தையோ ரேகையையோ மெஷின் அளந்து, எண்களாக்கி, டெம்ப்ளேட்டாகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கைரேகை என்றால், கோடுகள் முடியும் இடம், பிரியும் இடம் இவற்றின் கணக்கு. "படம் இல்லை, வெறும் நம்பர்தான்" என்று விற்பவர் சமாதானம் சொல்வார். அந்த நம்பர் ஓர் ஆளை இன்னொரு கடையில் காட்டிக்கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பதிவின்போது எடுத்த போட்டோவையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் மெஷின்களும் உண்டு.

பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது? 2015-இல் அமெரிக்க அரசு ஊழியர்களின் தகவல் திருடப்பட்டபோது, 56 லட்சம் பேரின் கைரேகையும் சேர்ந்து போனது. அதே விரல்களோடுதான் அவர்கள் வாழ்ந்தாக வேண்டும்.

இப்போது நான் செய்வது இது. எல்லாத் தகவலையும் அழித்து, ஃபேக்டரி ரீசெட் செய்து (மெஷினைப் புதிதாக வந்த நிலைக்கே கொண்டுபோய்), முதலாளி முன்னால் மறுபடி ஆன் பண்ணி, ஆள் எண்ணிக்கை 0 என்று காட்டிய பிறகுதான் பிளக்கைப் பிடுங்குவேன். அப்புறம் பென்டிரைவில் கிடக்கும் பேக்கப், ஆபீஸ் கம்ப்யூட்டரில் உள்ள நகல் இரண்டையும் தேடி அழிப்பேன். வேலையை விட்டுப் போகிறவரின் பதிவை அன்றைக்கே நீக்கும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

சொல்லாமல் விரலை வாங்குவது

வரிசையில் நிற்கவைத்து "விரலை வை, அடுத்த ஆள்" என்று ஓட்டுகிறார்கள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, கைரேகை, முகம் போன்ற பயோமெட்ரிக் தகவலும் உணர்திறன் மிக்க தகவல்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆகவே எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். நேப்பாளத் தம்பிக்கு அது அவர் மொழியிலும் புரிய வேண்டும்.

விரல் ஒன்றே போதும் என்பது

இந்த மெஷினால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். நண்பனிடம் அட்டையைக் கொடுத்து பஞ்ச் பண்ணச் சொல்வது இதனால்தான் நின்றது. மருந்து அறையை யார் எப்போது திறந்தார் என்று அடித்துச் சொல்ல முடிகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு நம் அடையாள அட்டையான மைகார்டில் இருப்பதுதான். 2001 முதல் பெருவிரல் ரேகை அட்டையின் சில்லிலேயே இருக்கிறது. வைக்கும் விரலை அதோடு ஒப்பிட்டாலே வேலை முடிந்தது; கடைக்குக் கடை ரேகையைச் சேர்த்து வைக்கத் தேவையில்லை.

ஆனால் சிமெண்டிலும் சோப்புத் தண்ணீரிலும் ரேகை தேய்ந்தவர்களுக்கு, விரல் வைக்காமல் அட்டையை மட்டும் காட்டிப் போகும் வழியும் வேண்டும். 2005-இல், ரேகை வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும் மெர்சிடிஸுக்காக, கோலாலம்பூர் பக்கம் திருடர்கள் உரிமையாளரின் விரல் நுனியையே வெட்டினார்கள். உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் மெஷினாகக் கேட்டு வாங்குங்கள். பணம் இருக்கும் அறைக்கு விரலோடு ரகசிய நம்பரும் (PIN) வையுங்கள்.

மெஷினோடு வரும் அட்மின் பாஸ்வேர்டு

அதை மாற்றாமல் ஏணியை மடக்காதீர்கள்.