கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும் சரியாக எடுப்பது எப்படி?

பதவி உயர்வு நேரம் வந்தால் சமுதாய மருத்துவத் துறையிலிருந்து யாராவது எங்கள் நூலகத்துக்கு வந்துவிடுவார்கள். "மேடம், என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்." ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து எடுக்கும் எண் அது. எண்ணைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த எண்ணுக்குள் இருக்கும் கட்டுரைகள் அவருடையவைதானா, அவருடையவை எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. அதனால் பெயரில்தான் தொடங்குவேன்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இதழ்களின் படிவமோ அதைக் கேட்காமல் நகராது. உதாரணத்துக்கு எஸ். முருகேசன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம், அப்பா பெயர் செல்வராஜ். முதல் கட்டுரையில் இவர் 'முருகேசன் எஸ்'. அடுத்ததில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி 'முருகேசன் செல்வராஜ்' என்று கொடுக்கிறார், மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட் அதை 'செல்வராஜ் எம்' என்று சுருக்கிவிடுகிறது. மகன் எழுதிய கட்டுரை அப்பா பெயரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மறுபக்கம், 'முருகேசன் எஸ்' என்று தேடினால் எலும்பியல் மருத்துவர் ஒருவர், வேதியியல் பேராசிரியர் ஒருவர் என்று வரிசையாக வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிய பெண்களின் கட்டுரைகள் இரண்டு ஆட்களுடையவை போலவே பிரிந்து கிடக்கும்.

ஆகவே முதலில் ஒரு தாளில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள், எழுத்துப்பிழையோடு அச்சானவை உட்பட. பப்மெட்டின் அட்வான்ஸ்ட் சர்ச்சில் ஒவ்வொன்றையும் ஆசிரியர் புலத்தில் போட்டு, கல்லூரிப் பெயரையோ ஊரையோ சேர்த்து வடிகட்டுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. 2014க்கு முன்பு பப்மெட் முதல் ஆசிரியரின் நிறுவனத்தை மட்டுமே பதிந்தது. நீங்கள் மூன்றாவது ஆளாக இருந்த பழைய கட்டுரை ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் வராது. அதற்கு உங்கள் கைடு பெயரையோ முதல் ஆசிரியர் பெயரையோ போட்டுத் தேட வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் கணக்கில் ஏற்றுங்கள். 2012இல் வந்த இந்த 16 இலக்க அடையாள எண் இலவசம்தான். வேறு பெயர்களைக் குறிக்கும் இடத்தில் அந்தத் தாளில் எழுதியவற்றைச் சேர்த்துவிடுங்கள். கூகுள் ஸ்காலர் புரொஃபைலில் தானாகக் கட்டுரை சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேதியியல் பேராசிரியர் உள்ளே வந்துவிடுவார். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதியும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உங்களுக்கு இரண்டு புரொஃபைல் இருந்தால் ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், சந்தா தேவையில்லை.

இனி எண். எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 41, 18, 9, 6, 5, 2 என்று இருந்தால் எச் 5. ஐந்து கட்டுரைகளாவது ஐந்து மேற்கோளோ அதற்கு மேலோ பெற்றிருக்கின்றன என்பதுதான் பொருள். அந்த 41 நாளைக்கு 400 ஆனாலும் எச் அதே 5தான். ஒரே நபருக்கு ஸ்காலர் ஓர் எண் சொல்லும், ஸ்கோபஸ் இன்னொன்று சொல்லும். ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றப்படும் முன்பதிப்புகளையும் எண்ணுவதால் பொதுவாக அங்கே கூடுதல். எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று எழுதாத எண்ணை நான் படிவத்தில் ஏற்ற விடுவதில்லை.

உலக நோய்ச்சுமை ஆய்வு போன்றவற்றில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். அப்படி நாலைந்து கட்டுரைகளில் பெயர் வந்தாலே மொத்த மேற்கோள் ஆயிரக்கணக்கில் ஏறலாம். அதில் தப்பில்லை, ஆனால் தனியாகக் காட்டுங்கள். நீங்கள் முதல், கடைசி அல்லது தொடர்பு ஆசிரியராக இருந்தவை ஒரு பக்கம், பெரிய கூட்டு ஆய்வுகள் இன்னொரு பக்கம். பதவி உயர்வுக் குழுவில் உள்ளவர்கள் எப்படியும் பிரித்துத்தான் பார்ப்பார்கள், நீங்களே செய்துவிட்டால் மரியாதை.

ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரியது, உங்களுக்கு உரியது இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை வைத்து எடுப்பதால் சுகாதாரச் சேவை ஆய்வுக்கு அது பொருந்துவதும் குறைவு. வென்பெர்க், கிட்டெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே டான்சில் அறுவை விகிதம் எவ்வளவு மாறுகிறது என்று 1973இல் எழுதினார்கள். இப்படிப்பட்ட வேறுபாடுகளை நாடு முழுவதற்கும் காட்டிய, வென்பெர்க் குழுவின் டார்ட்மத் அட்லஸ் வெளிவந்தது 1996இல். இந்தத் துறையில் ஒரு கருத்து வேர் பிடிக்க அவ்வளவு காலம் ஆகும். பழைய கட்டுரையையும் புதியதையும் ஒப்பிட வேண்டுமானால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.) நடத்தும் ஐசைட் தளத்தில் கட்டுரைகளின் பப்மெட் எண்களை ஒட்டுங்கள். துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்து ஒரு விகிதம் தரும். என்.ஐ.எச். நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமட்டத்துக்கு இணையாக இருந்தால் 1.

நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுவது அடுத்ததைத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருப்பு, காப்பீடு இருந்தும் நோயாளி கைக்காசாகக் கொடுத்தது, இதையெல்லாம் படித்துப் பயன்படுத்துகிறவர் சுகாதாரத் துறை அதிகாரி. அவர் இதழில் கட்டுரை எழுதி உங்களை மேற்கோள் காட்டப் போவதில்லை. அரசாணை, திட்ட வழிகாட்டி, உலக சுகாதார நிறுவன அறிக்கை எதிலாவது உங்கள் ஆய்வு வந்திருந்தால் ஆவணத்தின் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு தனித் தாளில் எழுதுங்கள். 'என் ஆய்வால்தான் இந்தத் திட்டம் வந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

கடைசியாக, பட்டியலில் உள்ள எதுவும் பிழையாலோ முறைகேட்டாலோ இதழால் திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை பாருங்கள். 2023இல், கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கியதிலிருந்து முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் பன்னிரண்டாவது ஆசிரியராக இருந்த கட்டுரையைப் பற்றி உங்களுக்குத் தகவல் வராமலே போயிருக்கலாம்.