அகதி வழக்குக்கு முதல் வாக்குமூலம் எடுப்பது எப்படி

1991இல் எனக்கு 12 வயது. ரொறன்ரோவில் ஒரு சட்டத்தரணிக்கும் என் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார் மாமா. நான் 'பிரதர்' என்றேன். அந்த அண்ணா அவருடைய பெரியப்பாவின் மகன். படிவத்தில் மாமாவுக்குக் கூடப்பிறந்தவர் என் அம்மா ஒருவர்தான். இல்லாத சகோதரன் எங்கிருந்து வந்தான் என்று விசாரணையில் கேட்டார்கள். மறுப்புக் கடிதத்தில் வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பந்தியை மட்டும் இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். "வீடு வாங்கி விற்கிற பத்திரம் எழுதினால் நல்ல காசு, ஏன் பிள்ளை இந்த வேலை?" என்பவர்களுக்கு என் பதில் அந்தப் பந்திதான்.

அகதிச் சட்டத் துறைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. கனடாவில் அகதி கேட்பவரின் சொல் நம்பத்தக்கதா என்பது கேள்வியானால் அவரை நேரில் கேட்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1985 ஏப்ரல் 4இல், சிங் வழக்கில். நேரில் கேட்பவர்கள் நேரில் மடக்கவும் செய்வார்கள். சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாவிட்டால், உண்மையென்றே எடுக்கவேண்டும் என்கிறது கனடாவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மால்டொனாடோ தீர்ப்பு. அந்தக் காரணத்தை நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

முதலில் வெள்ளைத்தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு அண்ணாவும் யார் வயிற்றுப் பிள்ளை என்று கேளுங்கள். சிலர் பெரியப்பாவையும் அப்பா என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் திகதி. பாதி வழக்குகள் இடறுவது இங்கேதான். "ஆடி மாசம்" என்றால் உடனே ஜூலை என்று எழுதாதீர்கள். தமிழ் ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஓகஸ்ட் நடுவில் முடியும். ஆனால் இலங்கையிலிருந்து வருகிற எங்கள் ஆட்களில் பலர் ஜூலையையே ஆடி என்பார்கள். எது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். ஞாபகம் வராவிட்டால் நெருக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளைக் கொடுங்கள். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்ததற்கு முன்னா பின்னா? 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை பூட்டும்போது எங்கே இருந்தீர்கள்? சுனாமிக்குப் பிறகா? "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அடுத்த கிழமை" என்று பதில் வந்தால் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் "ஏறக்குறைய" என்றே எழுதுங்கள். சரியாகத் தெரியாததைச் சரியாகத் தெரிந்ததுபோல் எழுதினால், விசாரணையில் மாட்டுவது அவர்தான், நீங்கள் இல்லை.

"அவங்கள் வந்தாங்கள்" என்றால் எவங்கள்? ஆமியா, பொலிஸா, சிஐடியா, புலிகள் இயக்கமா, ஆமியோடு நின்ற குழுவா? என்ன உடுப்பு, என்ன வாகனம், எந்த மொழி? சித்திரவதை என்ற சொல்லைப் பலர் வாயில் எடுக்கமாட்டார்கள். "அடிச்சவங்கள்" என்பதோடு நிறுத்துவார்கள். அவசரப்படாதீர்கள், தேத்தண்ணி கொடுங்கள்.

கணவனும் மனைவியும் வந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க விடவே கூடாது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கடைசியில் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், ஒரே மூச்சில் அல்ல, ஒவ்வொரு பந்தியாக. மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது எப்படியும் ஒருவர் கையை உயர்த்துவார்: "பிள்ளை, அது ரெண்டாந்தரம் பிடிச்சபோது நடந்தது." முதல்தரம், இரண்டாந்தரம் என்று அதுவரை ஒரு பேச்சே வந்திருக்காது. பேனையை எடுத்து முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்.