ஜூனில் முடியும் கணக்கில் டிசம்பர்

தரவுப் பகுப்பாய்வு வேலையில் சேர்ந்த நான்காம் மாதம், கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஜனவரி முதல் ஜூன் வரையிலான பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கு, எக்செலில் மூன்று நாள்களாக ஒத்துவரவில்லை. மொத்த எடை சரியாக இருந்தது; மாதவாரிக் கூட்டல் மட்டும் பிசகியது. இரட்டைப் பதிவுகளைத் தேடினேன், சூத்திரங்களை மறுபடி எழுதினேன், பயனில்லை.

சனிக்கிழமை கோடநாடு காட்சிமுனைக்குக் கிளம்ப வேண்டிய நண்பர்கள் எனக்காக டீக்கடையில் காத்திருந்தார்கள். மடிக்கணினியை எட்டிப் பார்த்த ஒருத்தி, "ஜூனோட முடியுற கணக்குல டிசம்பர் எங்கிருந்துடா வந்துச்சு?" என்றாள். அதன் பிறகே கவனித்தேன்: 1 முதல் 12 வரையிலான தேதிகள் கட்டத்தின் வலப்புறமும், 13 முதலானவை இடப்புறமும் ஒட்டி நின்றன. கணினியின் வட்டார அமைப்பு, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருந்ததால், மார்ச் 12-ஐக் குறித்த 12/03 என்பதை டிசம்பர் 3 என்று மாற்றிக்கொண்ட எக்செல், 13/03 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டிருந்தது. கட்டத்தின் வடிவமைப்பை மாற்றுவது இதற்கு உதவாது. மாறிய மதிப்பு மாறியதுதான். மூல சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இருமுறை சொடுக்கித் திறக்காமல், இறக்குமதி வழியாக எடுத்து, தேதி நெடுவரிசைக்கு நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைத் தேர்ந்ததும் ஆறு மாதக் கூட்டலும் பொருந்தியது.

நாங்கள் கோடநாடு சேர்ந்தபோது மோயாற்றுப் பள்ளத்தாக்கை மூடுபனி மறைத்திருந்தது. அதற்கான பழி என் தலையில்தான் விழுந்தது.