ஞாயிற்றுக்கிழமை காலையைப் பூனையோடு சோம்பலாகக் கழிப்பது எப்படி?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீடு. திங்கள் முதல் சனி வரை காலை 5 மணிக்கு எழுந்து ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். படுக்கையில் புரள எனக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். ஆனால் வீட்டில் இரண்டு பூனைகள். சாம்பல் நிறத்தில் சாம்பி, செம்பட்டையாகச் செவலை. ஞாயிறு என்று ஒரு கிழமை இருப்பதே இரண்டுக்கும் தெரியாது. மணி 5 ஆனால் சாம்பி என் மூக்கின் மேல் காலை வைப்பாள்.

ஆறு மாதம் திட்டிப் பார்த்தேன், கதவைச் சாத்திப் பார்த்தேன். கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து பிராண்டுகிற சத்தத்தில் தெருவே எழுந்துவிடும். அப்புறம்தான் புரிந்தது. பூனையோடு சோம்பலாக இருக்க வேண்டுமென்றால், முதலில் கால் மணி நேரம் அதற்காக வேலை செய்ய வேண்டும். புதிதாகப் பூனை வளர்க்கிறவர்களுக்காக அந்த வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: சனிக்கிழமை இரவே தொடங்குங்கள்

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். ஆனால் விடியலும் அந்தியும் அதன் வேட்டை நேரம். அந்த நேரத்தில் அது நம்மைப் பழிவாங்குவதாக நினைக்க வேண்டாம், அதன் உடம்பு அப்படி. அதனால் சனி இரவு படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, அன்றைய கடைசித் தீனியை அப்போது வையுங்கள். வயிறு நிறைந்தால் விடியலில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

பூனை மலஜலம் கழிக்கிற மண் தட்டையும் இரவே சுத்தம் செய்துவிடுங்கள். பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது பொதுவான கணக்கு. எங்கள் வீட்டில் இடமில்லை, இரண்டு பூனைக்கு இரண்டுதான். சண்டை வராமல் ஓடுகிறது.

படி 2: 5 மணிச் சத்தத்துக்கு அசையாதீர்கள்

கத்தியதும் எழுந்து சோறு வைத்தால், கத்தினால் சோறு வரும் என்று கற்றுக்கொள்ளும். நான் ஒரு மாதம் அப்படி வைத்தேன். 5 மணி 4:30 ஆனது, பிறகு 4 ஆனது. கத்தலை நிறுத்தி ஓரமாக உட்காரும் நேரம் பார்த்து எழுந்திருங்கள். முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருக்கும். போர்வையை இழுத்து மூடிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

படி 3: வேட்டையாட விடுங்கள்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மற்றவை தானாக நடக்கும். வேட்டை, தீனி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதுதான் பூனையின் வரிசை. முதல் படியை நாம் போட்டுக்கொடுத்தால் நான்காவது படிக்கு அதுவே போய்விடும்.

கடையில் பொம்மை வாங்க வேண்டியதில்லை. விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு இரண்டை உருவி, நுனியில் பழைய பனியன் துணியைக் கட்டுங்கள். பலர் இதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவார்கள். எந்த எலியும் பூனையைத் தேடி வராது. துணியைப் பூனையிடமிருந்து விலக்கி, சுவரோரமாக இழுங்கள். கதவு இடுக்கில் பாதி மறையட்டும். நிறுத்துங்கள். மறுபடி லேசாக அசையுங்கள்.

அந்த நொடியில் செவலையைப் பார்க்க வேண்டும். தாடை தரையில் படுகிற அளவுக்குப் பதுங்குவான். கண் முழுக்கக் கருமணியாகிவிடும். பின்னங்கால்கள் இடமும் வலமும் மாறி மாறி அசையும், வாலின் நுனி மட்டும் துடிக்கும். அப்புறம் ஒரே பாய்ச்சல். நாலைந்து பாய்ச்சலுக்கு ஒருமுறை துணியைப் பிடிக்க விட்டுவிடுங்கள். பிடிபடாத இரை பூனைக்கு வெறும் எரிச்சல். ஒளிப்புள்ளியைத் துரத்தவிடுகிற லேசர் விளக்கை நான் ஒதுக்கியது இதனால்தான்.

கையை ஆட்டி விளையாட்டுக் காட்டவே வேண்டாம். குட்டியாக இருக்கும்போது கடி செல்லமாக இருக்கும், வளர்ந்த பிறகு அதே கடி ரத்தம் வரவைக்கும். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்கும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்கிறபடி தொடருங்கள்.

விளையாடி முடித்ததும் ஈர்க்கையும் துணியையும் அலமாரிக்குள் வையுங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் பார்த்து வளைந்திருக்கும். நூல் வாய்க்குள் போனால் துப்ப முடியாமல் உள்ளேதான் போகும், குடலைச் சுருட்டிவிடும். அம்மா பூ கட்டிவிட்டு விட்ட நூலை ஒருமுறை சாம்பி வாயிலிருந்து பிடுங்கினேன். அன்றிலிருந்து பூ நூல் டப்பாவுக்கு மூடி வந்தது.

படி 4: தீனி

பால் வேண்டாம் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. "பில்லிக்குப் பால் ஊத்தாத வீடு இது ஒண்ணுதான்" என்பார் பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆயா. குட்டிகள் தாய்ப்பாலை மறந்த பிறகு பாலின் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி பெரும்பாலும் குறைந்துவிடும். பிறகு வயிற்றுப்போக்குதான். இன்னொன்று, பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது.

ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் மீன். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பெட்டி கட்டி வருகிற மீன்காரரிடம் ஜிலேபியோ கட்லாவோ வாங்குவோம். குழம்புக்குப் போகும் முன் இரண்டு துண்டை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல் தனியாக வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு வையுங்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள். சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற நொதி இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாரசிட்டமால் மாத்திரை கொன்றேவிடும். நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்து சிலவும் அப்படித்தான்.

படி 5: வெயில் விழும் இடம்

நம்ம ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, எங்கள் வீட்டுத் தரையும் அதுதான். மார்கழியில் காலையில் கால் வைக்க முடியாது. பூனைக்குச் சுகமான வெப்பம் 30 டிகிரிக்கு மேலே. ஜன்னல் வழியாக வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போடுங்கள். வெயில் நகர நகர நீங்களும் புடவையை நகர்த்த வேண்டும். கோடையில் இதெல்லாம் வேண்டாம், கிரானைட்டே போதும். மாம்பழ சீசனில் மண்டியில் கேட்டால் காலி அட்டைப்பெட்டி கிடைக்கும். அதைக் கவிழ்த்து ஒரு ஓட்டை போட்டால் செவலை இரண்டு மாதம் அங்கேதான் குடியிருப்பான்.

படி 6: மடி

தூக்கி மடியில் வைக்காதீர்கள். ஓடிவிடும். பேப்பரை விரித்துக்கொண்டு, மடியில் ஒரு துண்டைப் போட்டுச் சும்மா உட்காருங்கள். பூனை தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால், நீங்கள் முறைத்துப் பார்க்காமல் கண்ணைப் பாதி மூடி, மெதுவாக மூடி, மெதுவாகத் திறவுங்கள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டதாக நினைக்கும் என்று நாம் கேலி செய்கிறோமே, அந்தக் கண்மூடல்தான் பூனை மொழியில் ‘உன்னிடம் பயமில்லை’ என்பது. இப்படி மெதுவாகக் கண் சிமிட்டுகிறவரிடம் பூனை கூடுதலாக நெருங்குகிறது என்று 2020இல் இங்கிலாந்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

சாம்பி பதிலுக்குக் கண் மூடிவிட்டு வருவாள். முதலில் பேப்பரின் மேல் உட்காருவாள், நான் படிக்கிற பக்கமாகப் பார்த்து. அப்புறம் மடி. முன்னங்காலால் மாவு பிசைவதுபோல் மாறி மாறி அழுத்துவாள். தாயிடம் பால் குடிக்கும்போது செய்த பழக்கம் அது. நகம் லுங்கியைத் தாண்டித் தொடையில் இறங்கும், அதற்குத்தான் துண்டு.

படி 7: வேண்டுமானால், பூனைவணங்கி

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு. எனக்கு அது தெரிந்தது, கொல்லைப்புறத்தில் களை பிடுங்கிய ஒரு ஞாயிறு. வேரோடு வந்த செடியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், சாம்பி அதன்மேல் கன்னத்தைத் தேய்த்து, எச்சில் வடித்து, மல்லாந்து புரண்டுகொண்டிருந்தாள். விஷயம் இலையில் இல்லை, புதிதாகப் பிடுங்கிய வேரில். வேரைக் கழுவி லேசாக நசுக்கித் தரையில் போடுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், தின்ன விடாதீர்கள். செவலை ஒருமுறை மோந்துவிட்டு, இதற்கா கூப்பிட்டாய் என்பதுபோல் போய்விட்டான்.

படி 8: எழுந்திருப்பது

பூனை மடியில் தூங்கினால் துண்டின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, அப்படியே தூக்கி வெயிலில் போட்ட புடவைமேல் வைக்கலாம். பத்துக்கு ஏழு முறை விழிக்காது. போன வாரம் எனக்கு மனசு வரவில்லை.

"மீன் கொழம்பு ஆறுதுடா, களி கிண்டியாச்சு, வா" என்றார் அம்மா.

"சாம்பி தூங்குறாம்மா. இங்கயே எடுத்துட்டு வாயேன்."

முணுமுணுத்துக்கொண்டே தட்டைக் கொண்டுவந்தார். தட்டு வாசலைத் தாண்டும் முன்பே சாம்பியின் மூக்கு அசைந்தது.