மில் லாக்ஸ் ஏரியில் வால்ஐயும் மஸ்கியும்: புதிதாகத் தூண்டில் போடுவோருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் மில் லாக்ஸ் ஏரி இருக்கிறது. பரப்பளவில் 530 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் இந்த ஏரியின் மிக ஆழமான இடமே 42 அடிதான். தென்பகுதியில் பாறைத்திட்டுகளும் வடபகுதியில் அகன்ற சேற்றுமேடுகளும் நீருக்கடியில் கிடக்கின்றன. வடபுலத்து நன்னீர் மீன்பிடிப்பைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இந்த ஒரே ஏரி இரண்டு வெவ்வேறு பாடங்களை நடத்தக்கூடியது.

முதற்பாடம் வால்ஐ. 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீனாக இருக்கும் இது, பெரும்பாலும் சமையலுக்காகவே பிடிக்கப்படுகிறது. இரண்டாம் பாடம் மஸ்கி, பைக் இனத்தைச் சேர்ந்த பெரிய வேட்டை மீன். இது இந்த ஏரியில் இயல்பாக இருந்த மீன் அன்று. 1980-களில் தொடங்கி மாநில இயற்கை வளத் துறை குஞ்சுகளை விட்டு வளர்த்தெடுத்தது. 2021 நவம்பரில் இங்கே பிடிபட்ட ஒரு மஸ்கி 25 கிலோவுக்குச் சற்று மேல் எடையிருந்து, 1957 முதல் அசையாமல் நின்ற மாநிலச் சாதனையை முறியடித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நேராக மஸ்கிக்குக் கிளம்புகிறவர்கள் பலர். என் பரிந்துரை வேறு: ஒரு பருவம் முழுவதும் வால்ஐ பிடித்துப் பழகிவிட்டு, அதன் பிறகு மஸ்கிக்குச் செல்லுங்கள். மஸ்கி கடினமானது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கைப்பழக்கம் இல்லாதவர் கையில் சிக்கும் மஸ்கி, விடுவிக்கப்பட்ட பிறகும் இறந்துபோக வாய்ப்புண்டு.

முதல் படி: உரிமமும் விதிகளும்

பதினாறு வயது நிரம்பியவர் எவராயினும் மினசோட்டா மீன்பிடி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். மாநிலத் துறையின் இணையதளத்திலேயே வாங்கலாம், இரைக் கடைகளிலும் கிடைக்கும். வால்ஐ பருவம் மே மாத நடுவாக்கிலும், மஸ்கி பருவம் ஜூன் முதல் சனிக்கிழமையன்றும் தொடங்குகின்றன. மாநிலம் முழுமைக்குமான பொதுவிதிப்படி 54 அங்குலத்துக்குக் குறைவான மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது.

மில் லாக்ஸ் ஏரியின் வால்ஐக்கோ தனி விதி உண்டு. 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒஜிப்வே பழங்குடியினருக்கு இப்பகுதியில் உள்ள மீன்பிடி உரிமை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. அதனால் ஆண்டுதோறும் எவ்வளவு வால்ஐ பிடிக்கலாம் என்பது பழங்குடியினருக்கும் மாநிலத்துக்கும் இடையே பங்கிட்டு வரையறுக்கப்படுகிறது. எத்தனை மீன், எந்த நீளம், எந்த மாதத்தில் என்பதெல்லாம் அதற்கேற்ப மாறும். சில ஆண்டுகளில் இரவு மீன்பிடிப்புக்கே தடை இருந்ததுண்டு. ஆகவே சென்ற ஆண்டு நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், கிளம்பும் வாரத்தில் அந்த ஏரிக்கான விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வால்ஐக்கான கருவிகள்

ஆறரை அடி முதல் ஏழு அடி வரை நீளமுள்ள, நுனி மென்மையாக வளையும் ஸ்பின்னிங் தடி (ரீல் அடிப்பக்கம் தொங்கும் வகை) ஒன்று, அதற்கேற்ற 2500 அளவு ரீல் (நரம்பைச் சுற்றும் உருளை) ஒன்று, ஆறு அல்லது எட்டு பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு ஆகியவை போதும். தடித்த நரம்பு மீனை அறுத்துக்கொண்டு போகாமல் காக்கும் என்று எண்ணி இருபது பவுண்டு நரம்பைச் சுற்றுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அந்தத் தடிமனில் சிறிய இரை இயல்பாக அசையாது, கடியும் கைக்குத் தெரியாது. அரைக்கால் அவுன்ஸ் முதல் கால் அவுன்ஸ் வரை எடையுள்ள ஜிக்குகள் (முள்ளின் தலையிலேயே ஈயம் வார்த்தவை), ஆறாம் எண் முட்கள், பிளவுபட்ட சிறு ஈயக்குண்டுகள், வழுக்குத் தக்கைகள் (நரம்பில் நழுவி ஓடும் மிதவைகள்) ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உயிர் இரையாக அட்டை, மண்புழு, ஷைனர் எனப்படும் வெள்ளிநிறச் சிறுமீன் ஆகியவை ஏரிக்கரைக் கடைகளில் கிடைக்கும்.

படகு இல்லையே என்று தயங்க வேண்டாம். இந்த ஏரியின் விடுதிகள் பல, இருபது முப்பது பேர் அமரக்கூடிய பெரிய படகுகளை நாளுக்கு ஓரிரு முறை ஓட்டுகின்றன. ஏரியை அறிந்த ஓட்டுநர் மீன் இருக்கும் திட்டுக்கே கொண்டுபோய் நிறுத்துவார். தடியும் இரையும்கூடப் பல இடங்களில் அவர்களே தருவார்கள். முதல் நாளுக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி வேறில்லை.

மூன்றாம் படி: நேரமும் இடமும்

வால்ஐயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் வெள்ளையாகப் பளபளப்பது இதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் தன் இரையைவிட நன்றாகப் பார்க்க முடிவதால், விடியலையும் அந்தியையும் ஒட்டிய நேரத்தில் இது மேடான இடங்களுக்கு ஏறி வந்து மேய்கிறது. பட்டப்பகலில் மீன் கிடைக்காது என்று பொருளல்ல. காற்று வீசி, நீர்ப்பரப்பு ஓரளவு அலையடித்துக் கலங்கினால் உள்ளே வெளிச்சம் குறையும். வால்ஐ பிடிப்பவர்கள் அத்தகைய அலையை விரும்புவார்கள். கண்ணாடி போன்ற நீர் உல்லாசப் படகுக்குத்தான் அழகு.

மே மாதத்தில், முட்டையிட்டு முடித்த மீன்கள் கரையோர மணலிலும் சரளையிலும் ஆறேழு அடி ஆழத்திலேயே நிற்கும். ஜூனில் தெற்குப் பாறைத்திட்டுகளின் விளிம்புகளுக்கும், பிறகு வடக்குச் சேற்றுமேடுகளுக்கும் நகரும். அதே மாதத்தில் சேற்றிலிருந்து மேஃபிளை பூச்சிகள் திரளாக எழும்பும்போது மீன்கள் அவற்றின் இளம்புழுக்களைத் தின்று வயிறு நிறைந்திருக்கும். அந்த நாட்களில் கடி குறைந்தால் உங்கள் இரையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: வழுக்குத் தக்கையில் அட்டை

புதியவருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த முறையைத்தான். முதலில் நரம்பின்மேல் ஒரு நூல் முடிச்சைப் போட்டு இறுக்குங்கள். இது நரம்பில் மேலும் கீழும் நகர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். அதன் கீழே ஒரு சிறு மணி, அதன் கீழே நடுவில் துளையுள்ள தக்கை, அதன் கீழே ஈயக்குண்டு, கடைசியில் ஆறாம் எண் முள் என்று வரிசையாகக் கோத்துக் கட்டுங்கள். வீசும்போது தக்கை ஈயத்தருகே இறங்கி நிற்பதால் வீச்சு எளிதாகும். நீரில் விழுந்தபின் நரம்பு தக்கையின் துளை வழியே ஓடி, முடிச்சு வந்து மணியில் முட்டியதும் நின்றுவிடும். முடிச்சை எங்கே வைக்கிறீர்களோ அந்த ஆழத்தில் இரை தொங்கும்.

ஆழத்தைச் சரியாக வைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முள்ளில் கொஞ்சம் கனமான ஈயத்தை மாட்டி இறக்கிப் பாருங்கள். தக்கை மூழ்கினால் அடி இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். முடிச்சை மேலே தள்ளுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் முடிச்சைக் கீழே இறக்குங்கள். அடியைக் கண்டறிந்ததும், இரை தரையிலிருந்து ஓர் அடி மேலே நிற்குமாறு முடிச்சைச் சரிசெய்யுங்கள். அட்டையின் உடலில் அகன்ற ஒட்டுறுப்பு உள்ள முனையில் முள்ளை ஒரே ஒருமுறை குத்துங்கள். மறுமுனை விடுபட்டு நீரில் நெளிந்து நீந்தும். சுருண்டு உருண்டையாகிவிட்ட அட்டையை மாற்றிவிடுங்கள்.

தக்கை சாய்ந்தாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், மெல்ல அமிழ்ந்தாலும் அது கடிதான். உடனே தடியைச் சுண்டாதீர்கள். தளர்ந்த நரம்பை ரீலில் சுற்றி, மீனின் கனம் தடியில் தெரிந்த பிறகு உறுதியாகத் தூக்குங்கள்.

ஐந்தாம் படி: ஜிக்

ஜிக்கின் முள்ளில் ஷைனரை வாய் வழியே செலுத்தி, தலைக்குப் பின்னால் முதுகில் வெளியே எடுத்து மாட்டுங்கள். அடியில் பட்டதும் நரம்பு தளரும். அங்கிருந்து அரையடி தூக்கி, நரம்பு விறைப்பாக இருக்கும்படியே திரும்ப இறக்குங்கள். தூக்குவதைவிட இறக்குவதில்தான் கவனம் வேண்டும், ஏனெனில் வால்ஐ பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதே உறிஞ்சுகிறது. அந்தக் கடி சில நேரம் ஒரு சிறு தட்டாகத் தெரியும். பல நேரம் நுனியில் ஈரத்துணி தொங்குவது போன்ற மந்தமான கனமாக மட்டுமே தெரியும். ஐயம் வந்தாலே தூக்கிவிடுங்கள்.

பக்கத்து ஊரான பிரெய்னர்டில் 1960-களின் இறுதியில் உருவான லிண்டி அமைப்பையும் பிற்பாடு பழகலாம். நழுவும் ஈயம் ஒன்றும், அதற்குப் பின்னால் நான்கைந்து அடி மெல்லிய நரம்பில் வெறும் முள்ளும் அட்டையும் வைத்து, படகை மெதுவாக நகரவிட்டு அடியோடு இழுத்துச் செல்லும் முறை அது. கடித்ததும் நரம்பைச் சில நொடிகள் விட்டுக்கொடுத்து, பிறகு இழுக்க வேண்டும்.

பிடிபட்ட வால்ஐயின் வாய்க்குள் விரலை விடாதீர்கள். பற்கள் கூர்மையானவை, செவுள்மூடியின் விளிம்பும் கையை அறுக்கும். உணவுக்கு நடுத்தர அளவு மீன்களையே வைத்துக்கொள்வது நல்லது: பெரியவை முட்டையிடும் பெண்மீன்கள், அவற்றின் தசையில் பாதரசமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நீளக் கட்டுப்பாடு உள்ள ஏரி என்பதால் மீனைப் படகிலேயே துண்டு போடக் கூடாது; அதிகாரி அளந்து பார்க்கும்படி முழுதாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆறாம் படி: மஸ்கிக்கு முன்னால், விடுவிக்கும் கருவிகள்

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது மஸ்கிக்கான பொய்யிரைகள். வண்ண வண்ணமாக, உள்ளங்கையைவிட நீளமாகத் தொங்கும். அவற்றை வாங்கும் முன் வேறு மூன்று பொருள்களை வாங்குங்கள்: ரப்பர் பூசிய ஆழமான பெரிய கைவலை, நீண்ட மூக்குக் குறடு, தடித்த முள்ளையே துண்டாக்கும் கட்டர். இம்மூன்றும் படகில் இல்லாத நாளில் மஸ்கிக்கு வீச வேண்டாம். வட ஏரிகளில் 50 அங்குல மஸ்கி ஒன்று வளர்ந்து வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகும். பிடித்த மீனை நீருக்கே திருப்பித் தருவது இங்கே எழுதப்படாத சட்டம்.

தடி எட்டரை முதல் ஒன்பது அடி நீளமும் மிகுந்த உறுதியும் உடையதாக இருக்க வேண்டும். ரீல் வலுவான பெய்ட்காஸ்டர் வகை (தடியின் மேற்பக்கம் அமர்வது); அதில் 80 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிய) நரம்பு. முனையில் ஓரடி நீளத்துக்குக் கம்பியாலோ தடித்த ஃபுளூரோகார்பன் இழையாலோ ஆன லீடர் (நரம்புக்கும் பொய்யிரைக்கும் நடுவே வரும் இணைப்பு) கட்டாயம், இல்லாவிட்டால் பற்கள் நரம்பை அறுத்துவிடும். பொய்யிரையில், சுழலும் இரு பெரிய உலோகத் தகடுகளும் குஞ்சமும் கொண்ட பக்டெயில் ஒன்றை வைத்தே தொடங்குங்கள். நேராகச் சுற்றி இழுத்தாலே அது வேலை செய்யும். தடியை வெட்டி வெட்டி இழுத்து அசைக்க வேண்டிய ஜெர்க்பெய்ட் போன்றவற்றுக்குக் கைநேர்த்தி வேண்டும்.

ஏழாம் படி: வீச்சும் எட்டு வரைதலும்

நீர்த்தாவரப் படுகையின் வெளிவிளிம்பிலும் பாறைத்திட்டுகளின் மேலும் வீசி, பக்டெயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வருமாறு சீராக இழுங்கள். பல மணி நேரம் ஒன்றும் நடக்காது. அது இயல்பு. ஆனால் மஸ்கிக்கு ஒரு வழக்கம் உண்டு: கடிக்காமலே பொய்யிரையைப் படகு வரை பின்தொடர்ந்து வரும். ஆகையால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எட்டு வரைய வேண்டும்.

லீடர் தடியின் நுனியை நெருங்கி, ஓர் அடி நரம்பு மட்டும் மிஞ்சும்போது சுற்றுவதை நிறுத்துங்கள். தடியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, பொய்யிரையை நிறுத்தாமலே ஒரு பக்கம் திருப்பி, அகன்ற வளைவாக ஆங்கில எட்டு எண்ணை நீருக்குள் வரையுங்கள். நீளமான மீனால் குறுகிய வளைவில் திரும்ப முடியாது. வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. திருப்பத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். மீன் பின்னால் வருவது கண்ணில் பட்டால் கை தானாக நின்றுவிடும். அந்தத் திகைப்பை வெல்லத்தான் காலி வீச்சிலும் எட்டு வரைந்து பழகச் சொல்கிறேன். கடித்ததும் தடியை மேல்நோக்கித் தூக்காமல், மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வலுவாக இழுங்கள்.

சிக்கியது நார்தர்ன் பைக் மீனா மஸ்கியா என்ற ஐயம் வந்தால் உடலைப் பாருங்கள்: கரும்பச்சை உடலில் வெளிர்ப்புள்ளிகள் என்றால் பைக்; வெளிர் உடலில் கரும்பட்டைகளோ புள்ளிகளோ என்றால் மஸ்கி. கீழ்த்தாடையின் அடியில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து துளைகளோ அதற்குக் குறைவோ இருந்தால் பைக், ஆறும் அதற்கு மேலும் இருந்தால் மஸ்கி.

எட்டாம் படி: விடுவித்தல்

மீன் வலைக்குள் வந்ததும் படகுக்குள் தூக்காதீர்கள். வலை நீரிலேயே இருக்கட்டும், மீன் அதற்குள் மூச்சு வாங்கட்டும். குறடால் முள்ளைக் கழற்றுங்கள். எளிதில் கழலாவிட்டால் முள்ளை வெட்டிவிடுங்கள், முள்ளின் விலை சில டாலர்தான். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவை ஆயத்தமாக வைத்துக்கொண்ட பிறகே மீனைத் தூக்குங்கள்: ஒரு கை செவுள்மூடியின் உட்புறம், செவுள் இழைகளைத் தொடாமல், மறு கை வயிற்றின் கீழே, உடல் கிடையாக. செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். சில நொடிகளில் நீருக்குள் இறக்கி, வாலின் அடியைப் பிடித்தபடி நிமிர்த்தி வைத்திருங்கள். வலுப்பெற்றதும் அதுவே கையை உதறிக்கொண்டு போகும். கோடையில் நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மஸ்கி பிடிப்பதையே நிறுத்திவிடுங்கள். அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த மீன் பிழைப்பது அரிது.

ஒன்பதாம் படி: ஏரியை விட்டுக் கிளம்பும்போது

இவ்வளவு அகலமான, ஆழமற்ற ஏரியில் காற்று எழுந்தால் அலை விரைவில் உயரும். உயிர்காப்பு அங்கியைப் படகின் மூலையில் போட்டு வைக்காமல் உடலில் அணிந்திருங்கள். இடி தொலைவில் கேட்டாலே கரைக்குத் திரும்புங்கள், கார்பன் இழைத் தடி மின்சாரத்தைக் கடத்தும்.

படகைக் கரையேற்றியதும், 2005 முதல் இந்த ஏரியில் இருக்கும் வரிக்குதிரைச் சிப்பி என்னும் அயல் ஊடுருவி அடுத்த ஏரிக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. படகிலும் வண்டியிலும் ஒட்டியுள்ள நீர்த்தாவரங்களைப் பிடுங்கி எறிந்து, அடிப்புற வடிகால் மூடியைக் கழற்றி நீர் முழுவதையும் வடியவிடுங்கள்; மூடியைக் கழற்றிய நிலையிலேயே சாலையில் செல்ல வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மிஞ்சிய இரையை, மண்புழு உட்பட, ஏரியிலோ மண்ணிலோ கொட்டாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள். வேறோர் ஏரிக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் படகை ஐந்து நாள் நன்றாக உலரவிடுங்கள்.